வழிபாட்டு ஊழியத்தில் ஓராண்டுப் பயிற்சி: எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:

எனக்கு வயது 24. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தைச் சேர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். சிறு வயது முதல் பாடற்குழுவில் பாடுகிறேன். கீபோர்டைப் பெரும்பாலும் கேள்விஞானத்தில் வாசிப்பேன். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் மூன்றாம் கிரேடு வரை முடித்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தை நானே எழுதி இயக்குகிறேன். இதையே ஊழியமாகச் செய்யும் ஆவலில் இன்டர்ன்ஷிப் பயிற்சிக்கு விசாரித்தேன். சென்னையில் ஒரு பெரிய சுயாதீன சபை ஆராதனை மற்றும் கலை ஊழியத்துக்கென ஓராண்டுத் திட்டம் நடத்துகிறது; கட்டணம் 30,000 ரூபாய், வாரம் 6 நாள் வேலை, முடிவில் சான்றிதழ். விவரத்தாளை இணைத்திருக்கிறேன். மற்றொன்று, பக்கத்து மாவட்டத்தில் 6 கிளைச் சபைகள் கொண்ட ஒரு சேகரம். அங்கே பாடற்குழுத் தலைவராக இருக்கும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியரிடம் ஓராண்டு இருந்து கற்றுக்கொள்ளலாம், மாதம் 6,000 ரூபாயும் விடுதியில் ஓர் அறையும் தருகிறோம் என்கிறார் அந்தச் சபையின் ஐயர் (ஆயர்). சான்றிதழ் கிடையாது. அப்பாவுக்கு இரண்டிலும் விருப்பமில்லை. ஒரு வருஷம் வீணாகப் போகும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுக்கட்டும்? அங்கே நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தச் சேகரத்துக்குத்தான் போவேன். ஆனால் சில காரியங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் போகமாட்டேன். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் அப்பாவிடம் எடுத்துச் சொல்வதற்கும் அவை பயன்படும்.

சென்னைத் திட்டத்தின் விவரத்தாளை நீங்கள் அனுப்பியது நல்லதாயிற்று. குரல் பயிற்சி, மேடை விளக்கு, ஒலிக்கலவை, காணொளித் தொகுப்பு, சமூக ஊடகம் என்று பலவற்றை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களை யார் கவனிப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து நீங்கள் செய்ததைப் பற்றிப் பேசுவார் என்ற ஒரு வரி மட்டும் அதில் எங்குமே இல்லை. பயிற்சிக்கும் கூலியில்லாத வேலைக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பெரிய சபைகளைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல ஒலிக்கருவிகளும் தேர்ந்த வாத்தியக்காரர்களும் உள்ள இடத்தில் கிடைக்கும் தொழில்நுட்ப அறிவு கிராமத்துச் சேகரத்தில் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் ஏற்கெனவே 10, 12 பேர் மேடையில் நிற்கும் இடத்துக்குப் புதிதாகப் போகிறவர், முதல் எட்டு மாதம் பாடல் வரிகளைத் திரையில் மாற்றிக்கொண்டும் நாற்காலி அடுக்கிக்கொண்டும் இருப்பார். கடைசி இரண்டு மாதம் ஐந்தாவது குரலாகப் பின்னால் நிற்பார். நாற்காலி அடுக்குவது இழிவான வேலை என்று சொல்லவில்லை, சேகரத்திலும் நீங்கள் அடுக்கத்தான் போகிறீர்கள். அதைக் கற்றுக்கொள்ள 30,000 ரூபாய் கட்ட வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

ஓராண்டு வீணாகும் என்ற உங்கள் அப்பாவின் கவலைக்கு வேதாகமத்திலேயே ஒரு பதில் உண்டு. வழிபாட்டுப் பணிக்கென ஒதுக்கப்பட்ட குலத்தாரான லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில் பணிசெய்யத் தொடங்கும் வயது எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தில் 30 என்றும், 8ஆம் அதிகாரத்தில் 25 என்றும் இருக்கிறது. இந்த முரண்பாட்டை யூத உரையாசிரியர்கள் எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? 25 வயதில் வந்து ஐந்தாண்டு கற்றுக்கொண்டார்கள், 30 வயதில் பணியை ஏற்றார்கள் என்றார்கள். உங்களுக்கு 24தான் ஆகிறது. இன்னொரு பகுதியையும் அப்பாவோடு சேர்ந்து வாசியுங்கள். 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில், ஆலயத்தில் பாடுவதற்குத் தேறியவர்களாக 288 பேரைத் தாவீது ஏற்படுத்துகிறார். அவர்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 வகுப்புகளாய்ப் பிரிகிறார்கள். முறைவரிசைக்குச் சீட்டுப் போடும்போது சிறியவர் பெரியவர், ஆசான் மாணாக்கன் என்ற வேறுபாடு பார்க்கவில்லை என்று அந்த அதிகாரம் சொல்கிறது. ஆசானும் மாணாக்கனும் ஒரே குழுவில் ஒரே வாரத்தில் பணிசெய்தார்கள் என்றால், மாணாக்கன் ஆசானின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் அப்படிப்பட்ட ஆசானாக இருக்கக்கூடியவர் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

இனி, அங்கே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு வருகிறேன். பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் நன்றாகப் பாடுவதற்கும் நன்றாக வாசிப்பதற்கும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். நான் பல ஆண்டுகளாகப் பயிற்சி மாணவர்களை மேற்பார்வை செய்துவருகிறேன். அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது, சபை பாடுவதைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்குபெறுவதையே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கருத வேண்டும் என்று வலியுறுத்தியது. சீர்திருத்தத் திருச்சபையினரான நாம் இதை நானூறு ஆண்டு முன்னதாகவே சொல்லிவிட்டோம் என்று பெருமை பேசுவோம். ஆனால் இன்று நம் ஆலயங்கள் பலவற்றில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டால் பாட்டும் நின்றுவிடுகிறது.

எனவே முதல் நான்கு ஞாயிறு கீபோர்டைத் தொடாதீர்கள். கடைசி வரிசையில், குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பாட்டில் எத்தனையாவது சரணத்தில் குரல்கள் அடங்கின, எந்த வரியில் ஆண்கள் வாயை மூடிக்கொண்டார்கள், எந்த இடத்தில் வாத்தியம் முந்தியது, எந்தப் பாட்டுக்குப் புத்தகம் திறக்காமலே பாடினார்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். நான்கு வாரக் குறிப்பை வைத்துப் பார்த்தால், பாதிக்குமேற்பட்ட சிக்கல் சுருதியில்தான் இருப்பது தெரியவரும்.

அதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் கேள்விஞானத்தில் வாசிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இதுவே. பதிவில் கேட்ட பாட்டை அதே சுருதியில் வாசிப்பதுதான் சரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாடகர் ஓர் உச்சக்குரல்காரர். ஐந்து கட்டையில், அதாவது ஜி சுருதியில் பாடியிருப்பார். சரணத்தில் மேல் ஸட்ஜத்தைத் தொட்டிருப்பார். பாடிப் பழகாத ஆண்களுக்கு அந்த உயரம் எட்டாது. எட்டாதவர்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியவர்கள் அடுத்த சரணத்தில் திரும்ப வருவதும் இல்லை. பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரம் இரண்டு கட்டையை, அதாவது டியை, பெரிதாகத் தாண்டாதபடி சுருதியை வைத்துக்கொண்டால் பெரும்பாலானோர் சேர்ந்து பாடுவார்கள். அப்படியானால் மேற்சொன்ன பாட்டை இரண்டு கட்டைக்கு இறக்கலாம். அதே பாட்டு கீழ்ப் பஞ்சமம் வரை இறங்குகிறது என்றால் இரண்டு கட்டையில் ஆண்களுக்கு அது முனகலாகிவிடும். அப்போது மூன்று கட்டையில் வைத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். அதிகாலை ஆராதனையில் குரல் இன்னும் திறந்திருக்காது, அரைக் கட்டை குறைத்துக்கொள்ளலாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் போய் ஆர்மோனியத்துக்கு மாறும் நாள் ஒன்று கட்டாயம் வரும்; ஆகவே ஒவ்வொரு பாட்டையும் குறைந்தது மூன்று சுருதியில் கையாலேயே வாசிக்கப் பழகுங்கள். இந்த ஒரு திறமைக்காகவே ஆறு மாதம் செலவழித்தாலும் தகும்.

அடுத்தது பாட்டுச் செல்வம். தென்மாவட்டத்துச் சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனையில் மூன்று ஓடைகள் கலக்கின்றன. ஒன்று பாமாலை: பெரும்பாலும் ஜெர்மானிய, ஆங்கிலப் பாடல்களை அதே மெட்டில் பாடும்படி தமிழாக்கியவை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 8.7.8.7. என்பது போல ஒவ்வொரு வரியின் அசை எண்ணிக்கையும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால், சபைக்குத் தெரியாத மெட்டுள்ள நல்ல பாட்டை, அதே அளவுள்ள தெரிந்த மெட்டில் பாடவைக்கலாம். பாதிப் பாடற்குழுக்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. இரண்டாவது கீர்த்தனை: தலையில் ராகமும் தாளமும் குறித்து, பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று அமைந்தவை. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து தஞ்சை அரண்மனைவரை அறியப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இந்த மரபின் தலைமகன். நாட்டு இலக்கிய வடிவமான குறவஞ்சியைக்கூடக் கிறிஸ்துவின் கதைக்கு எடுத்தாண்டவர். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இத்தகைய தொகுப்புகள் வழியாகத்தான் கதாகாலட்சேபத்துக்குரியவையாக இருந்த பாடல்கள் சாதாரண ஞாயிறு ஆராதனைக்குள் வந்து நிலைத்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தமிழிசை ஆராய்ச்சிக்காகப் புகழ்பெற்றவர். அவரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர்தான். மூன்றாவது ஓடை, இன்றைய துதிப்பாடல்கள். இவற்றை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள், இவற்றைக் கற்பதற்கு ஆசான் தேவையில்லை.

கீர்த்தனைகளை அந்த ஆசிரியரிடம் ராகம் தாளத்தோடு கற்றுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு நான்கு என்று வைத்தாலும் ஆண்டில் ஏறக்குறைய ஐம்பது ஆகிவிடும். கூடவே ஒரு எச்சரிக்கை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு கிராமத்துச் சபையில் மூதாட்டிகள் ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியைப் புத்தகத்தில் குறித்திருந்த ராகத்துக்கு ஒவ்வாத விதத்தில் பாடக் கேட்டேன். மேலான ஞானத்தோடு அவர்களைத் திருத்தினேன். அடுத்த ஞாயிறு அவர்கள் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை. புத்தகத்தைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார்கள். அவர்கள் பாடியது மூன்று தலைமுறையாக அந்த ஊரில் பாடிவந்த வடிவம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்றும் அந்த மௌனம் என் நினைவில் இருக்கிறது. நீங்கள் ஆறு கிளைச் சபைகளுக்கும் போகும்போது முதியவர்கள் பாடுவதை அவர்கள் அனுமதியோடு கைப்பேசியில் பதிவுசெய்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். ஒரே பாட்டு இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கிடைத்தால் எது சரி என்று தீர்ப்பளிக்க அவசரப்படாதீர்கள்.

கலை ஊழியம் என்ற பகுதிக்கு வருவோம். நாடகம் எழுதி இயக்கிய அனுபவம் உங்களிடம் இருப்பது பெரிய பலம். ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் நாடகத்தோடு கலை முடிந்துவிடக் கூடாது. ஆராதனை முறைமையே ஒரு நிகழ்த்துகலைதான். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் தன் திருவிருந்து முறைமையை ஏற்றுக்கொண்டபோது, ஆயர் திருவிருந்து மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்கவும், சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுத்துக் கடைசி வரிசைவரை கொண்டுபோகவும் வழிசெய்தது. மேலைநாட்டுச் சபைகள் பல இவற்றைப் பின்னால்தான் கைக்கொண்டன. சமாதானம் கொடுக்கும் அந்த நேரத்தில் கீபோர்டு சும்மா இருக்கலாமா, மெல்ல வாசிக்கலாமா, எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்பதெல்லாம் கலை சார்ந்த முடிவுகளே. ஒவ்வொரு பகுதியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஐயரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாவ அறிக்கைக்கும் பாவமன்னிப்பு அறிவிப்புக்கும் நடுவே எவ்வளவு அமைதி வேண்டும் என்பதை அறிந்த வாத்தியக்காரர், கைவேகம் உள்ள வாத்தியக்காரரைவிடச் சபைக்கு அதிகம் பயன்படுவார்.

நாட்டார் கலைகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் பகுதி வில்லுப்பாட்டின் நிலம். வில், குடம், உடுக்கை, தாளம் வைத்துக்கொண்டு, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட, யோசேப்பின் கதையையோ கெட்ட குமாரனின் கதையையோ சொல்லுகிற வழக்கம் அங்குள்ள கிறிஸ்தவர்களிடமும் உண்டு. அறுப்பின் பண்டிகையின் அசன (பொது விருந்து) நாளில், மாலை வெளிச்சத்தில், மைக் ஒன்றுமட்டும் வைத்து ஒரு மணி நேர வில்லுப்பாட்டு நடத்திப் பாருங்கள். பவர்பாயிண்ட் போட்டு நீங்கள் நடத்தும் எந்த நிகழ்ச்சிக்கும் அவ்வளவு பேர் கடைசிவரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இங்கே தியோபிலஸ் அப்பாவு அவர்களை நினைவுகூராமல் இருக்க முடியாது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த அவரை மாணவர்கள் 'பரட்டை அண்ணன்' என்றே அறிவார்கள், 2005இல் மறைந்தார். கர்நாடக இசையின் வழிவந்த கீர்த்தனைகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்நியமானவை என்று விமர்சித்து, கிராமிய இசையிலேயே முழு ஆராதனை முறைமையையும் அமைத்தவர் அவர். நாட்டுப்புறப் பாட்டை யாரும் தங்கள் வாழ்வுக்கு ஏற்ப மாற்றிப் பாடிக்கொள்ளலாம், அந்த உரிமைதான் அதன் இறையியல் என்பது அவர் நிலைப்பாடு. கீர்த்தனையை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இவரையும் சொல்கிறேனே என்று தோன்றலாம். இரண்டு மரபுக்கும் இடையே உண்மையான பிணக்கு இருக்கிறது. அதை மூடிமறைத்து இரண்டையும் ஒரே தட்டில் பரிமாறுவது நேர்மையாகாது. ஆறு கிளைச் சபைகளில் எந்தத் தெருவில் எந்த ஆலயம் இருக்கிறது, எங்கே கீர்த்தனை பாடுகிறார்கள், எங்கே பாடுவதில்லை என்று பார்த்தாலே இதன் பொருள் உங்களுக்குப் புரியும். பறையை ஆராதனையில் பயன்படுத்த நினைத்தால் ஒன்றுக்குப் பத்துமுறை யோசியுங்கள்; பயன்படுத்தக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. சாவுக்கு அடிக்கும்படி ஒரு சமூகத்தின் தலையில் கட்டப்பட்ட கருவி அது. அதை விடுதலையின் ஒலியாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், இனித் தொடமாட்டோம் என்று கீழே வைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊர் மக்களிடம் கேட்காமல் அலங்காரத்துக்காக மேடையேற்றினால், அவர்களை நீங்கள் இரண்டாம் முறை அவமதிக்கிறீர்கள்.

நடனத்தில் ஆர்வம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், 1977இல் தொடங்கிய திருச்சி கலைக்காவிரி பரதநாட்டியத்தையும் இசையையும் கிறிஸ்தவ வழிபாட்டோடு இணைத்துப் பார்த்த நிறுவனம். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவருவது நல்லது.

வார ஒழுங்கு ஒன்றும் வேண்டும். ஞாயிறு வாரியான தலைப்பும் வேதப்பகுதிகளும் திருச்சபை அட்டவணையில் முன்கூட்டியே இருப்பதால், பாட்டுகளைச் சனிக்கிழமை இரவு தேடவேண்டிய அவசியமே இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் ஐயரோடு உட்கார்ந்து பாட்டுகளை முடிவுசெய்துவிட வேண்டும், வெள்ளி அல்லது சனி பாடற்குழு ஒத்திகை. இவற்றைவிட முக்கியமானது திங்கள் அல்லது செவ்வாயில் ஆசிரியரோடு ஒரு மணி நேரம்: கடந்த ஞாயிறு என்ன நடந்தது, நீங்கள் எங்கே தவறினீர்கள், ஏன் அந்த முடிவை எடுத்தீர்கள் என்பதை அவர் கேட்க, நீங்கள் பதில்சொல்லும் நேரம். பயிற்சி நடப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அவர் வயதில் பெரியவர். இப்படி உட்கார்ந்து பேசிப் பழக்கம் இல்லாமலும் இருக்கலாம், "போகப் போகத் தெரிஞ்சுக்குவம்மா" என்று சொல்லி முடித்துவிடவும் கூடும். ஆகையால் இதை முதலிலேயே ஐயர் வழியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி எழுத்தில் வாங்கவேண்டியவை. மாதம் 6,000 ரூபாய் எந்தத் தேதியில் தரப்படும், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் மதிப்பிடுவார், கிளைச் சபைகளுக்குப் போய்வரும் செலவு யாருடையது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஐயரும் சேகரக் கமிட்டிச் செயலாளரும் கையெழுத்திடட்டும். ஊழியத்தில் இதெல்லாம் கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்கலாம். ஆண்டு நடுவில் ஐயருக்கு மாறுதல் வந்துவிட்டால், வாய்ச்சொல்லாகப் பேசிய எதுவும் புதியவரைக் கட்டுப்படுத்தாது.

இரவு ஒத்திகை முடிந்து நீங்கள் விடுதி அறைக்கு எப்படிப் போவீர்கள், உடன் யார் வருவார் என்பதும் அதில் இருக்கட்டும். பணியிடத்தில் பெண்களுக்கெதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் பாதுகாக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய இடமானால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். நீங்களும் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளையும் நாடகத்துக்கு வரும் பிள்ளைகளையும் கையாளப்போகிறவர். உடை மாற்றும் அறை, ஒத்திகைக்கு அழைத்துப்போய் வீட்டில் விடுவது ஆகிய இரண்டிலும் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்ற விதியை முதல் நாளே வைத்துவிடுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாக அறிந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கடமை. சபையின் பெயர் கெடும் என்று கமிட்டி சொன்னாலும் இதில் மாற்றம் இல்லை.

சென்னை சபையின் விவரத்தாளில், பயிற்சிக் காலத்தில் நீங்கள் உருவாக்கும் பாடல்களும் காணொளிகளும் சபைக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்ததைக் கவனித்தீர்களா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தின் கீழோ தொழில் பழகும் ஒப்பந்தத்தின் கீழோ ஒருவர் தம் பணியாகச் செய்த படைப்புக்கு, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வேலை தந்தவரே முதல் உரிமையாளர் ஆகக்கூடும். ஆகவே சேகரத்திலும் நீங்கள் எழுதும் பாட்டும் நாடகமும் உங்களுடையவை, சபை அவற்றை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறர் பாட்டைப் பொறுத்தவரை, மெய்யான சமயச் சடங்கின்போது பாடுவதைச் சட்டம் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே பாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கை நம்பிவிட முடியாது, உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த பழைய கீர்த்தனைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை; கீர்த்தனை பாட இன்னொரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்! கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் பொறுப்பும் உங்கள்மேல்தான் விழும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது என்பது ஒலி மாசு விதி. பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கியும் வாத்தியமும் இல்லாமல், குரலால் மட்டும் மென்மையாகப் பாடிப்போவது கேட்கவும் நன்றாகவே இருக்கும்.

ஓராண்டு முடிந்தபின் என்ன என்ற கேள்வியில் உங்கள் அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் சபைகளில் இசைக்கும் கலைக்கும் முழுநேரச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் மிகச் சில. பாடற்குழுத் தலைவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களாகவோ அலுவலர்களாகவோ இருந்துகொண்டுதான் இந்தப் பணியைச் செய்கிறார்கள். நீங்கள் போய்ச் சேரப்போகும் ஆசிரியரே அதற்குச் சான்று. ஆகவே பயிற்சியோடு டிரினிட்டி ஐந்தாம் கிரேடுக்கான இசைக்கோட்பாட்டைப் படித்து முடியுங்கள். வகுப்பெடுத்துச் சம்பாதிக்க அது கைகொடுக்கும். கணக்குப் பிரிவு அனுபவத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேகர விடுதியின் வரவுசெலவைப் பார்த்துக்கொடுக்க ஒரு கை கிடைத்தால் எந்த ஐயரும் மறுக்கமாட்டார், உங்கள் பணி அனுபவத்திலும் இடைவெளி விழாது. சான்றிதழ் இல்லை என்று வருந்தவேண்டாம். உங்கள் குறிப்பேடு, பதிவுசெய்த கீர்த்தனைகள், நடத்திய ஆராதனைகளின் ஒழுங்குகள், மூன்று மாத மதிப்பீடுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பிற்பாடு இறையியல் கல்லூரியில் சேர விண்ணப்பித்தால், நேர்முகத்தில் அந்தக் கோப்பைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

சேருவதற்கு முன், இரண்டு ஞாயிறு அந்தச் சேகரத்துக்குப் போய்வர ஐயரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு ஞாயிறு தலைமை ஆலயத்திலும், மறு ஞாயிறு மிகச் சிறிய கிளைச் சபையிலும் உட்காருங்கள். இரண்டாவது முறை அப்பாவையும் அழைத்துப்போங்கள். ஆராதனை முடிந்ததும், நீங்கள் சற்றுத் தள்ளி நின்று, அந்த ஆசிரியரோடு அவர் தனியாகப் பேச இடம்கொடுங்கள்.